சிட்டுவின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள்

கடிதத்தின் சுருக்கம்: தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிறு ஊரிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 61. வீட்டில் 13 வயதுப் பெண் பூனை. பெயரை மாற்றி இங்கே சிட்டு என்று வைத்துக்கொள்கிறேன். நான்கைந்து மாதமாகவே சிட்டு தண்ணீர் நிறையக் குடிக்கிறாள், 4.1 கிலோ இருந்தவள் 3.2 கிலோவுக்கு இளைத்துவிட்டாள், அடிக்கடி வாந்தி, இரவில் எழுந்து கத்துகிறாள், மெத்தையில் சிறுநீர் போய்விடுகிறாள். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, 3.6 வந்திருக்கிறது. கிட்னி கெட்டுவிட்டது, புரதத்தைக் குறையுங்கள், தினமும் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது நாள் கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தார்கள். இப்போது கூடையைப் பார்த்தாலே சிட்டு கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறாள், சாப்பாடும் பாதியாகிவிட்டது. புரதம் கூடாது என்றதால் பாக்கெட் தீவனத்தை நிறுத்தி முழுக்கத் தயிர்சாதத்துக்கு மாற்றிவிட்டார். மெத்தை நனைகிறதே என்று ராத்திரி எட்டு மணிக்குமேல் தண்ணீர்க் கிண்ணத்தையும் எடுத்துவிடுகிறார். மருமகள் நான்கு மாதக் கர்ப்பிணி. பூனையை மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம் என்று சம்பந்தி வீட்டார் சொல்கிறார்கள். ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் கணவர். வெளிநாட்டில் இருக்கும் மகன் கிட்னி மாற்று அறுவை செய்ய முடியுமா என்று கேட்கிறார். "நான் போட்ட சாப்பாட்டால்தான் இப்படி ஆகிவிட்டதா, இன்னும் எத்தனை நாள் இருப்பாள்?" என்று கடிதம் முடிகிறது.

அம்மா, மீதியைப் படிப்பதற்கு முன்னால் எழுந்துபோய் அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்ப வைத்துவிட்டு வாருங்கள். ஒன்றுக்கு மூன்று கிண்ணமாகவே வையுங்கள், அவள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, ஹாலில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று.

சிட்டு அதிகம் தண்ணீர் குடிப்பதால் அதிகம் சிறுநீர் போகிறாள் என்று நினைக்கிறீர்கள். பார்ப்பதற்கு அப்படித்தான் தெரியும், ஆனால் நடப்பது நேர்மாறு. ஆரோக்கியமான சிறுநீரகம் கழிவை மட்டும் பிரித்துவிட்டுத் தண்ணீரை உடம்புக்குத் திருப்பித் தரும். சிட்டுவின் சிறுநீரகத்துக்கு அந்தத் திறன் குறைந்துவிட்டது, தண்ணீர் அப்படியே வெளியே ஓடுகிறது, ஓடியதை ஈடுகட்டத்தான் அவள் குடித்துக்கொண்டே இருக்கிறாள். கிண்ணத்தை எடுத்தாலும் சிறுநீர் ஓடுவது நிற்காது, உள்ளே வருவது மட்டும் நின்றுபோகும். காலையில் எழும்போது அவள் உடம்பு வறண்டு கிடக்கும். மெத்தைக்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

3.6 என்ற எண்

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் கிரியாட்டினினும் யூரியாவும் மட்டும்தான் இருக்கின்றன. கால்நடை மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பின்பற்றும் ஐரிஸ் வகைப்பாட்டில் பூனையின் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு நான்கு நிலைகள் உண்டு. கிரியாட்டினின் 1.6க்குக் கீழே இருந்தால் முதல் நிலை, 1.6 முதல் 2.8 வரை இரண்டாவது, 2.9 முதல் 5 வரை மூன்றாவது, 5க்கு மேல் நான்காவது. அப்படிப் பார்த்தால் சிட்டு மூன்றாம் நிலை. ஆனால் உடம்பில் நீர்ச்சத்து சரியாக இருக்கும்போது எடுத்த ரத்தத்தை வைத்து, அதுவும் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பார்த்துத்தான் நிலையை முடிவுசெய்ய வேண்டும். ராத்திரி முழுக்கத் தண்ணீர் இல்லாமல், வாந்தியும் எடுத்துக்கொண்டிருந்த பூனையின் ரத்தத்தில் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டியிருக்க வாய்ப்பு உண்டு. இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, சிட்டுவுக்கோ தசை வற்றிவிட்டது, அதனால் குறைவாகக் காட்டவும் செய்யலாம். அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் ஊரிலிருந்து ஒரத்தநாட்டில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி தொலைவில்லை. முதலில் போன் செய்து கேட்டுக்கொண்டு ஒருமுறை அங்கே காட்டுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன், இதை அப்படியே காட்டலாம். ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம், ரத்த சோகை இருக்கிறதா என்பது, சர்க்கரை, தைராய்டு. சிறுநீரில் அடர்த்தி, புரதம் போகிறதா, கிருமித் தொற்று இருக்கிறதா என்பது. கல் ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று ஒரு ஸ்கேன். முக்கியமாக பிபி. பூனைக்கு பிபியா என்று பலர் ஆச்சரியப்படுவார்கள். சிறுநீரகம் கெட்ட பூனைகளில் நிறையப் பேருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், 160க்கு மேல் தொடர்ந்து நின்றால் மாத்திரை வேண்டும், கவனிக்காமல் விட்டால் விழித்திரை பிய்ந்து ஒரே நாளில் பார்வை போய்விடும். ராத்திரி கத்துகிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது பிபிதான். அடுத்தது தைராய்டு. தைராய்டு கூடினாலும் தண்ணீர் குடிப்பார்கள், இளைப்பார்கள், கத்துவார்கள். வயதான பூனைக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பிபிக்கும் தைராய்டுக்கும் மாத்திரை இருக்கிறது. வெறும் கிட்னி என்று முத்திரை குத்தி விட்டுவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

தயிர்சாதமும் புரதமும்

உங்கள் சாப்பாட்டால் வந்ததல்ல இந்த நோய். வயதான பூனைகளுக்கு மிகப் பரவலாக வருவது இது, பெரும்பாலான பூனைகளில் இன்ன காரணம் என்று கடைசிவரை தெரியாது. சிறுநீரகத்தின் வேலைத்திறன் முக்கால்வாசி போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறத் தொடங்கும் என்பதால், அது உள்ளே தொடங்கி எவ்வளவோ காலம் ஆகியிருக்கும், உங்களுக்கு மட்டுமில்லை, யாருக்குமே வெளியில் தெரிந்திருக்காது. அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

ஆனால் இப்போது போடும் தயிர்சாதம் அவளுக்குக் கெடுதல்தான். பூனை என்பது இறைச்சி தின்று வாழப் படைக்கப்பட்ட உயிர். டாரின் என்ற சத்து அதன் உடம்பில் போதுமான அளவு உருவாகாது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும், தொடர்ந்து கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். சைவ வீட்டில் வளர்வதால் பூனையும் சைவமாகிவிடாது. புரதத்தைக் குறையுங்கள் என்று மருத்துவமனையில் சொன்னதை நீங்கள் நிறுத்துங்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். புரதம் போதாவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும், அந்தக் கழிவும் சிறுநீரகத்துக்குத்தான் வந்து சேரும். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு முதலில் குறைக்க வேண்டியது பாஸ்பரஸ். மூன்றாம் நிலையில் ரத்தத்தில் அது 5க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. நீங்கள் பத்தியம் என்று நினைக்கும் பாலிலும் தயிரிலும்கூடப் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது. கருவாடு, முட்டை மஞ்சள் கரு, எலும்பு இதெல்லாம் வேண்டவே வேண்டாம். வெங்காயம், பூண்டு ஒரு துணுக்குகூடக் கூடாது, பூனையின் ரத்தச் சிவப்பணுவை அது உடைத்துவிடும்.

சிறுநீரக நோய்க்கென்றே தயாரித்த தீவனம் ராயல் கேனின், ஹில்ஸ், ஃபார்மினா போன்ற நிறுவனங்களில் கிடைக்கிறது. விலை கூடுதல், மறைக்கவில்லை. ஆனாலும் ஆயுளை நீட்டிக்கிறது என்று ஆய்வில் நன்றாகத் தேறிய வைத்தியம் இந்தத் தீவனம்தான், அதனால் டிரிப்ஸுக்கும் ஆட்டோவுக்கும் செலவழித்த பணத்தை இதில் போடுங்கள் என்றே சொல்வேன். ஒரே நாளில் மாற்றாதீர்கள். அவளுக்குப் பழக்கமான பழைய பாக்கெட்டைத் திரும்பத் தொடங்குங்கள், முதலில் குமட்டலுக்கு மருந்து கொடுத்து வாந்தி நிற்கட்டும், அப்புறம் புதியதைத் தனித் தட்டில் பக்கத்தில் வைத்து, மூன்று நான்கு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வாந்தி வரும் நேரத்தில் புதிய சாப்பாட்டைக் கொடுத்தால் இதனால்தான் வயிறு புரட்டுகிறது என்று பூனை முடிவுகட்டிவிடும், பிறகு அந்தப் பக்கமே திரும்பாது.

அப்படியும் தொடமாட்டேன் என்றால்? அவள் எதைத் தின்கிறாளோ அதைப் போடுங்கள். பட்டினி கிடப்பதைவிடத் தப்பான சாப்பாடு மேல். இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிரை வாங்கிவிடும், பசி வந்தால் தானே தின்னும் என்று நாய்க்குச் சொல்வதைப் பூனைக்குச் சொல்லக் கூடாது. வீட்டில் அசைவம் சமைக்க முடியாது என்றால் அவித்த முட்டையின் வெள்ளைக் கரு நல்லது, அதில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. பழைய தீவனத்தையே தொடர வேண்டியிருந்தால் பாஸ்பரஸை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும் மருந்தைச் சாப்பாட்டோடு கலந்து கொடுக்கலாம், வெறும் வயிற்றில் கொடுத்தால் பயன் இல்லை. பசி தூண்ட மிர்டாசபின் என்று ஒரு மருந்து இருக்கிறது, அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மா தருவதாகச் சொன்ன நெருஞ்சில், சிறுபீளைக் கஷாயம் வேண்டாம். மனிதருக்குப் பழகிய மருந்தைப் பூனையின் ஈரலால் பல நேரம் உடைத்து வெளியேற்ற முடியாது. இதே காரணத்தால்தான் காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுத்த வீடுகளில் பூனை செத்திருக்கிறது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கொடுத்தவர் அழுத அழுகையையும் பார்த்திருக்கிறேன்.

டிரிப்ஸை வீட்டிலேயே ஏற்றலாம்

படுத்துக் கிடக்கும் பூனைக்கு மருத்துவமனையில் வைத்து நரம்பில் இரண்டு மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றுவது உயிர் காக்கும். ஆனால் நடமாடிக்கொண்டிருக்கும் பூனையைத் தினமும் கூடையில் அடைத்து, நாய்கள் குரைக்கும் வராந்தாவில் உட்காரவைத்து, முன்னங்காலில் ஊசி குத்திக் கொண்டுவருவது வேறு. அந்த மிரட்சியிலேயே அவள் சாப்பாட்டை நிறுத்துகிறாள். டிரிப்ஸால் சிறுநீரகம் சரியாகிவிடாது, வறட்சியைத்தான் போக்கும். அந்த வேலையைத் தோலுக்கடியில் ஏற்றும் முறையில் நீங்களே வீட்டில் செய்யலாம். 61 வயதில் என்னால் முடியுமா என்று கேட்பீர்கள். உங்களைவிட வயதானவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

மருத்துவர் எழுதித்தரும் ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சநேரம் நிறுத்தி வைத்து, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சுடக் கூடாது. ஜன்னல் கம்பியில் உயரமாக மாட்டி, சிட்டுவை மடியில் வைத்து, தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து அதற்குள் ஊசியை விட வேண்டும். அவள் எடைக்கு ஒரு தடவைக்கு 75 முதல் 100 மில்லி என்பது வழக்கமான அளவு. தினமுமா, வாரம் இரண்டு முறையா என்பதை அவளைப் பரிசோதித்த மருத்துவர் சொல்லட்டும். ஏற்றியதும் முதுகில் திமில் மாதிரி புடைக்கும், சில மணி நேரத்தில் வடிந்துவிடும், பயப்படாதீர்கள். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. கலங்கிய பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். குளுக்கோஸ் பாட்டிலைத் தோலுக்கடியில் ஏற்றாதீர்கள், வலிக்கும், சீழ் பிடிக்கும்.

இதயம் பலவீனமான பூனைக்குத் தண்ணீர் கூடிப்போனால் நெஞ்சில் நீர் கோத்துவிடும், அதனால் தொடங்கும் முன் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, அவள் அசந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுவது. 30க்கு மேல் போனால் டிரிப்ஸை நிறுத்திவிட்டு உடனே கூப்பிட வேண்டும். தலையைத் தூக்க முடியாமல் கழுத்து தொங்கினாலும் உடனே கூப்பிடுங்கள், பொட்டாசியம் இறங்கியிருக்கும்.

இனி அந்த மெத்தை. அவள் சிறுநீர் போகும் மண் தொட்டி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 13 வயதுக்காரி, நிறைந்த மூத்திரப்பையோடு அவ்வளவு தூரம் போக வேண்டும். படுக்கும் அறையிலேயே விளிம்பு தாழ்வான ஒரு அகலமான தட்டில் மண் போட்டு வையுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை அள்ளுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் மூத்திரத்தில் கிருமித் தொற்று இருக்கிறதா என்ற பரிசோதனை இன்னும் முக்கியமாகிறது.

மருமகள் கர்ப்பமாக இருக்கும்போது

சம்பந்தி வீட்டாரின் பயம் முழுக்க மூடநம்பிக்கை இல்லை, அதனால் கோபப்படாமல் விளக்குங்கள். பூனை முடி வயிற்றுக்குள் போய்க் கருவைக் கெடுக்கும் என்பது உண்மையில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி உண்மை, கர்ப்பக் காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கும் என்பதும் உண்மை. ஆனால் பூனை பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை, முதலில் தொற்றும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான் மலத்தில் அதை வெளியேற்றும், அந்த மலமும் குறைந்தது ஒரு நாள் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். எலி பிடிக்காமல், பச்சை இறைச்சி தின்னாமல் வீட்டுக்குள்ளேயே 13 வருடம் இருந்த சிட்டுவால் வரும் ஆபத்து மிகச் சிறியது. கழுவாத கீரை, வேகாத இறைச்சி, தோட்டத்து மண் இவற்றில்தான் அதிகம் கவனம் வேண்டும். மருமகள் மண் தட்டைத் தொட வேண்டாம், அதைத் தினமும் நீங்கள் அள்ளிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் டாக்ஸோவுக்கான ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டால் எல்லோருக்கும் மனம் அமைதியாகும்.

மீன் மார்க்கெட்டில் விடுவது மட்டும் கூடாது. பசியிலோ தாகத்திலோ துன்பப்படும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், ஒரு நாள் தண்ணீர் கிடைக்காவிட்டால் சுருண்டுவிடும் பூனை அவள். தெரு நாய்களுக்கு நடுவே எத்தனை நாள் தாங்குவாள்?

கணவர் சொல்வதும் மகன் கேட்பதும்

மகனிடம் சொல்லுங்கள், பூனைக்கு மாற்றுச் சிறுநீரகம் அமெரிக்காவில் 1980களிலேயே பொருத்தினார்கள், இன்றும் ஒரு சில பல்கலைக்கழக மருத்துவமனைகளில் செய்கிறார்கள். ஆனால் தானமாகக் கொடுக்க இன்னொரு பூனை வேண்டும், வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வேண்டும். சிட்டுவின் வயதுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். டயாலிசிஸ் பெரும்பாலும் திடீரென்று சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்குத்தான், மீண்டு வரும்வரை கைகொடுப்பதற்காக.

உங்கள் கணவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்காதீர்கள். இரவு முழுக்கக் கத்தலைக் கேட்டு, நீங்கள் அலைவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கருணைக்கொலை பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்திருக்கிறேன், வேறு வழியில்லாத வேதனையில் இருந்த உயிர்களுக்கு. முதலில் தூக்கத்துக்கு ஊசி, ஆழ்ந்த மயக்கத்துக்குப் பிறகு இரண்டாவது ஊசி, வலி தெரியாது. பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சிட்டுவுக்கு அந்த நேரம் இன்னும் வரவில்லை. பாதியாவது சாப்பிடுகிறாள், ஒளிய ஓடுகிறாள், உங்கள் மடிக்கு வருகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதோடு நாம் இன்னும் சரியான வைத்தியத்தைத் தொடங்கவே இல்லை.

தினசரி காலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு குறி போட்டு வாருங்கள், சாப்பிட்டு நக்கித் துடைத்துக்கொண்டு வெயிலில் படுத்த நாள் ஒரு குறி, அப்படி இல்லாத நாள் வேறு குறி. வாரம் ஒருமுறை எடை பாருங்கள், அவளைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எடைமேடையில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். மருந்தெல்லாம் கொடுத்தும் சாப்பாட்டைத் தொடாமல், மண் தட்டுவரை நடக்க முடியாமல், இரண்டாவது குறியே தொடர்ந்து விழுந்தால் அப்போது மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள், மருத்துவரை வீட்டுக்கே வரச் சொல்லிக் கேளுங்கள்.

எத்தனை நாள்? இந்த நிலையில் வந்து ஒன்றிரண்டு வருடம் நன்றாக இருந்த பூனைகள் என்னிடம் உண்டு, இரண்டே மாதத்தில் போனவையும் உண்டு. பிபி, பாஸ்பரஸ், சிறுநீரில் போகும் புரதம், இந்த மூன்றும் தெரிந்தால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், அவளுடைய அன்றைய எடையையும் சேர்த்து.